லட்சுமி வரும் வழி: ஒடியா வீடுகளின் ஜோட்டிச் சித்திரம்

நவம்பர், டிசம்பரில் வரும் மார்கசிர மாதத்தில், ஒடிசாவின் கடலோர மாவட்டங்களில் புதன்கிழமை பிற்பகலிலிருந்தே வீடுகள் பரபரப்பாகிவிடுகின்றன. மண்தரை வீடாக இருந்தால் சாணம் கரைத்து மெழுகுவார்கள். சிமென்ட் தரையாக இருந்தால் தேய்த்துக் கழுவுவார்கள். ஊறவைத்த பச்சரிசி அம்மியில் வழவழப்பாக அரைபட்டு, தோசை மாவைவிடவும் நீர்க்கக் கரைக்கப்பட்டு, ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கும். இரவுக்குள் வாசற்படியிலிருந்து உள்ளறை வரைக்கும் தரையில் சின்னஞ்சிறு பாதங்கள் நடந்து போயிருக்கும். சுவர்களில் நெற்கதிர்கள் தலைசாய்ந்து நிற்கும். மறுநாள் வியாழக்கிழமை, லட்சுமி வீட்டுக்கு வரும் நாள். இந்தச் சித்திரத்தைத்தான் ஒடியா மக்கள் ஜோட்டி என்றும் சிதா என்றும், இரண்டையும் சேர்த்து ஜோட்டி சிதா என்றும் சொல்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை வீட்டு அலங்காரம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எதைக் கொண்டு வரைகிறார்கள், எந்த நாளில் வரைகிறார்கள், பாதங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துக் கவனித்தால், இது தெய்வத்துக்கு வைக்கும் அழைப்பு என்பது விளங்கும்.

சிதா என்ற சொல்லுக்கு ஒடியாவில் நெற்றித் திலகம் என்று பொருள். உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சைக்கும் அதே பெயர்தான். பூரி கோயிலில் சிராவண அமாவாசையன்று ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரின் நெற்றியிலும் சிதா என்னும் பொன் அணியைப் பொருத்துகிறார்கள்; அதனால் அந்த நாளுக்கே சிதாலாகி அமாவாசை என்று பெயர் வந்தது. அன்று வீடுகளில் சிதவு பிட்டா என்ற அரிசிப் பலகாரம் செய்து, உழவர்கள் அதில் ஒரு பங்கை வயலில் கொண்டுபோய் இடுவார்கள். சேற்றில் இறங்குகிறவர்களின் காலை நத்தை ஓடு கிழித்துவிடக் கூடாது என்பது வேண்டுதல். தெய்வத்தின் நெற்றிக்கும் மனிதரின் தோலுக்கும் வீட்டின் சுவருக்கும் இடும் குறிக்கு ஒரே சொல் வழங்குவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொட்டில்லாத நெற்றி எப்படி வெறிச்சென்று இருக்குமோ அப்படித்தான் விழா நாளில் சிதா இல்லாத சுவரும் என்ற உணர்வு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

அரைத்துக் கரைத்த மாவுக்குப் பிட்டவு என்று பெயர். புழுங்கலரிசி இதற்கு ஆகாது. பூசைக்கு உரியது பச்சரிசிதான். சிறு துணித்துண்டைப் பிட்டவில் தோய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெல்ல அழுத்தினால், மாவுநீர் விரல் வழியாக இறங்கி நுனியில் சொட்டாக நிற்கும். அந்தச் சொட்டைத் தரையில் இழுத்துக்கொண்டே போனால் அது கோடாகிறது. அழுத்தம் கூடினால் கோடு தடித்துவிடும். குறைந்தால் நடுவில் அறுந்துவிடும். நம் வீடுகளில் விசேஷ நாட்களில் மாக்கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதல்ல. ஈரமாக இருக்கும்போது பிட்டவு சரியாகக் கண்ணில் படாது, மெழுகிய தரையின் நிறத்தோடு கலந்து மங்கலாகக் கிடக்கும், காய்ந்த பிறகுதான் வெளுத்துத் துலங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே. ஆகவே வரைகிற பெண் தான் போட்ட கோட்டை அந்த நேரத்தில் முழுதாகப் பார்ப்பதில்லை. கைக்குப் பழகிய கணக்கிலேயே அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறாள். தாமரை இதழ்கள் எட்டும் சமமாக விழுந்தனவா என்பது சற்று நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

சுவருக்கு முறை வேறு. செங்குத்தான பரப்பில் நீர்த்த மாவு வழிந்துவிடும் என்பதால், குச்சியின் நுனியில் துணியைச் சுற்றித் தூரிகையாக்கிக்கொள்கிறார்கள். சில இடங்களில் மாவைச் சுவரில் தெளித்தே பூங்கொத்துப் போன்ற தோற்றத்தை வரவழைக்கிறார்கள். நெற்கதிருக்கு விரல்களே போதும். நடுவில் ஒரு தண்டை இழுத்துவிட்டு, இருபுறமும் விரல்நுனிகளைச் சாய்வாக ஒற்றி எடுத்தால் ஒவ்வோர் ஒற்றலும் ஒரு நெல்மணியாகிவிடும். செம்மண் பூசிய சுவரில் இப்படிக் கதிர்க்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, களத்தில் போர் போட்டதுபோல மேலே குறுகிச் செல்லும் கோபுர வடிவில் வரைவது மார்கசிரத்துக்கே உரியது. துர்கா பூசைக் காலத்தில் வெள்ளைப் புள்ளிகளின் மேல் சிவப்பை ஒற்றுவார்கள். வெண்மை சிவன், செம்மை சக்தி என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கோலத்தையும் ஜோட்டியையும் ஒன்றாகவே எண்ணிவிடும் வாய்ப்பு தமிழ் வாசகர்களுக்கு அதிகம். அரிசியும் வாசலும் பெண்களின் கையும் இரண்டுக்கும் பொது. ஆனால் புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கம்பி இழுத்து, கணக்குத் தவறாமல் முடிக்கும் முறை ஜோட்டிக்கு அடிப்படை இல்லை. அது பெரும்பாலும் புள்ளியின் துணையில்லாமல் கைப்போக்கில் வளரும் சித்திரம். நம் வாசலில் கோலம் அன்றாடக் கடமை. ஜோட்டியோ விழாக்களையும் நோன்புகளையும் ஒட்டி வருவது. இன்ன நோன்புக்கு இன்ன உரு என்ற வழக்கமும் இருப்பதால், சுவரைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன நோன்பு நடக்கிறது என்று ஊரார் சொல்லிவிட முடியும்.

அந்த நோன்புகளில் ஜோட்டி முழு வீச்சில் வெளிப்படுவது மார்கசிரத்து வியாழக்கிழமைகளில்தான். அதற்கு மாணபசா குருபார் என்று பெயர். மாணம் என்பது நெல் அளக்கும் பிரம்புப் பாத்திரம், நம் மரக்காலுக்கு இணையானது. பசா என்றால் அமர்த்துதல். குருபார் என்பது வியாழக்கிழமை. சம்பா அறுவடையை ஒத்த பெரும்போக அறுவடை முடிந்து களத்திலிருந்து நெல் வீடு வந்து சேரும் காலம் அது. புதுநெல்லை அந்தப் பாத்திரத்தில் நிறைத்து, அதையே லட்சுமியாக அமர்த்திப் பூசிக்கிறார்கள். தனியாகச் சிலை வேண்டும் என்ற கட்டாயமில்லை. அளக்கும் பாத்திரமும் அதில் நிறைந்த நெல்லுமே தெய்வம். வாசலில் தொடங்கும் பாதங்கள் அந்த மாணம் இருக்கும் இடம் வரைக்கும் போகும். விரல்கள் எப்போதும் உள்நோக்கியே இருக்க வேண்டும். வெளிநோக்கி ஒரு பாதம் விழுந்துவிட்டால் செல்வம் வெளியேறுகிறது என்று அர்த்தமாகிவிடும். கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறை வரைக்கும் குழந்தைப் பாதம் பதிக்கும் நம் வீடுகளிலும் இதே எச்சரிக்கை உண்டு.

வரைந்திருக்கும் உரு நெற்கதிர், வரைந்த பொருள் அரிசி, வணங்கப்படுவது நெல். நெல்லைக் கொடு என்று கேட்கும் சித்திரத்தை நெல்லைக் கொண்டே எழுதுகிறார்கள். வண்ணப்பொடியிலோ எனாமல் பெயின்டிலோ அதே கதிரை அச்சாக வரைந்துவிடலாம். ஆனால் கொடுப்பதும் கேட்பதும் ஒரே பொருளில் நடக்கும் அந்த வேலை அதில் நடக்காது. மண்தரையில் காய்ந்த மாவை எறும்பு தின்னும், குருவி கொத்தும், காலடி தேய்க்கும். அடுத்த புதன்கிழமைக்குள் பாதி போய்விட்டிருக்கும். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த நோன்புக்குப் பின்னால் ஒரு நூல் இருக்கிறது என்பதும், அந்த நூல் சொல்லும் கதை எவ்வளவு கூர்மையானது என்பதும் ஒடிசாவுக்கு வெளியே அதிகம் பேசப்படாதவை. பஞ்சசகா என்று அழைக்கப்படும் ஐந்து பக்திக் கவிஞர்களில் ஒருவரான பலராம தாஸ், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய லட்சுமி புராணம்தான் அது. மாணபசா நாளில் வீட்டுப் பெண்கள் அதை வாய்விட்டுப் படிப்பார்கள். பலருக்கு மனப்பாடமாகவே தெரியும். மார்கசிரத்து வியாழனன்று லட்சுமி ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறாள். வசதியான வீடுகளில் வாசல் பெருக்காமல் கிடக்கிறது. ஊருக்கு வெளியே, தாழ்த்தப்பட்ட குலத்தவளான ஸ்ரீயா என்பவள் மட்டும் விடியுமுன் எழுந்து, சாணத்தால் மெழுகி, அரிசிமாவால் தாமரை வரைந்து வைத்திருக்கிறாள். லட்சுமி அந்தத் தாமரையின் மீது பாதம் வைக்கிறாள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் அது சுத்தத்தைப் போதிக்கும் சாதாரணக் கதையாக நின்றிருக்கும். தீண்டத்தகாதவள் வீட்டுக்குப் போய்வந்தவளைக் கோயிலுக்குள் விடக் கூடாது என்று மூத்தவரான பலபத்திரர் பிடிவாதம் பிடிக்க, ஜகந்நாதர் மனைவியை வெளியேற்றுகிறார். லட்சுமி போகும்போது கோயிலின் உணவும் போய்விடுகிறது. அண்ணனும் தம்பியும் 12 ஆண்டுகள் பிச்சை எடுத்து அலைகிறார்கள், பிச்சையும் கிடைப்பதில்லை. கடைசியில் லட்சுமியின் வீட்டு வாசலிலேயே, அது தாழ்ந்த குலத்தவள் வீடு என்று சொல்லப்பட்ட பிறகும், பசியால் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். திரும்பி வர லட்சுமி வைக்கும் நிபந்தனை, இனி ஜகந்நாதரின் பிரசாதத்தை எல்லாச் சாதியாரும் வேற்றுமையின்றி ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி உண்ண வேண்டும் என்பது. பூரி கோயிலின் ஆனந்த பஜார் என்னும் பிரசாதச் சந்தையில் மகாபிரசாதத்தைச் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ணும் வழக்கத்துக்கு இந்தக் கதையையே காரணமாகச் சொல்கிறார்கள்.

ஜோட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கதையை மங்கலமான முன்னுரையாகச் சொல்லி நகர்ந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. லட்சுமியை உள்ளே வரவழைத்தது ஸ்ரீயாவின் குலமோ செல்வமோ பூசாரியின் மந்திரமோ அல்ல. தரையில் அவள் வரைந்த தாமரைதான் என்கிறது நூல். அதாவது, எல்லாப் பெண்ணின் கைக்கும் எட்டக்கூடிய ஒரு பிடி அரிசியை, தெய்வத்தை வரவழைக்கப் போதுமான வழிபாடாக அது ஏற்றுக்கொள்கிறது. நடைமுறை அந்த அளவுக்குத் தாராளமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாணபசாப் பிரசாதத்தை வெளியாருக்கும், கட்டிக்கொடுத்த மகளுக்கும்கூடத் தருவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; வீட்டு லட்சுமி பிறர் வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற அச்சம்தான் காரணம். பகிர்ந்து உண்ணச் சொல்லும் புராணத்தைப் படித்து முடித்த கையோடு பிரசாதத்தை நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளும் இந்த முரண்பாடு அங்குள்ள பெண்களுக்குத் தெரியாததல்ல.

ஈரமாவில் வரைவது ஜோட்டி என்றால், உலர்ந்த பொடியில் போடுவது முருஜா. அதன் காலம் மார்கசிரத்துக்கு முந்தைய கார்த்திகை. அந்த மாதம் முழுவதும் ஹபிசா நோன்பிருந்து ஒரு வேளை மட்டும் உண்ணும் பெண்கள், குறிப்பாக வயதான விதவைகள், துளசி மாடத்தின் முன்னால் முருஜா போடுவார்கள். பௌர்ணமியோடு முடியும் பஞ்சுகா என்னும் ஐந்து நாட்களில் அது மேலும் விரிவாகும். வெள்ளைக்குக் கல்மாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள் அல்லது உலர்ந்த சாமந்தி இதழ், பச்சைக்கு நிழலில் காய்ந்த இலைப்பொடி, சிவப்புக்குச் செங்கல்தூள், கறுப்புக்குக் கரித்த தேங்காய் மட்டை என்று ஐந்து நிறமும் வீட்டிலேயே தயாராகும். ஜோட்டியில் கோடு ஓடுகிறது. முருஜாவில் பரப்பு நிரம்புகிறது. சங்கு, சக்கரம், ஜகந்நாதரின் வட்டக் கண்கள் ஆகியவற்றைப் பொடியால் நிரப்பிக் காட்டுவது எளிது என்பதால் கார்த்திகை வாசல்களில் அவையே மிகுதி.

தீபாவளியன்று வரைவது வேறு விதமானது. லட்சுமிக்காக அல்ல, இறந்துபோனவர்களுக்காக. வீட்டு வாசலில் தரையில் படகு வடிவத்தில் ஏழு அறைகள் கொண்ட சித்திரம் ஒன்றைப் போட்டு, அறைகளில் பருத்தி, உப்பு, கடுகு, மஞ்சள், தண்ணீர்விட்டான் கிழங்கு, காட்டுக்கொடி என்று ஒவ்வொன்றாக வைத்து, நடு அறையில் படையல் இடுவார்கள். பிறகு குடும்பத்தார் சணல் தண்டுகளைக் கொளுத்தி வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்து முன்னோரை அழைப்பார்கள்: மூத்தோரே, இருட்டில் வாருங்கள், வெளிச்சத்தில் போங்கள். ஜோட்டியின் வேலை வரவழைப்பது என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கே மட்டும் வந்தவர்களை வழியனுப்பவும் வேண்டியிருக்கிறது. கடல் வணிகத்தால் வாழ்ந்த ஒரு கரையில் அந்த ஊர்தி படகாக இருப்பது இயல்புதானே.

வீட்டுச் சுவர்ச் சித்திரம் முழுவதும் பெண்களின் கையில் இருந்ததில்லை. பூரி வட்டாரத்தில் திருமணத்தின்போது வாசல் சுவரில் படம் எழுதச் சித்திரகாரர் என்னும் தொழில்முறை ஓவியரை அழைப்பார்கள். துணியில் தீட்டும் பட்டச்சித்திரத்தை எழுதும் அதே ஆண்கள். அவர்கள் எழுதும் காட்சிகளில் நமக்குத் தொடர்புடைய ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஒடிசாவை ஆண்ட கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சிமீது படையெடுத்தபோது, ஜகந்நாதரும் பலபத்திரரும் கறுப்பும் வெள்ளையுமான இரு குதிரைகளில் அவருக்கு முன்னே போனதாகவும், வழியில் மாணிகா என்ற இடைப்பெண்ணிடம் தயிர் வாங்கிக் குடித்ததாகவும் ஒடியாக் கதை சொல்கிறது. காஞ்சியைத் தோற்றவர்களின் ஊராக மட்டும் காட்டும் அந்தக் குதிரைப் படம் ஒடிசா முழுவதும் பரிச்சயமானது. இது கதை சொல்லும் ஓவியம். ஜோட்டி கதை சொல்வதில்லை.

ஒடிசாவின் சுவர்ச் சித்திரம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வரும், கைகோத்து ஆடும் குச்சி மனித உருவங்களுக்கும் ஜோட்டிக்கும் பிறப்பிடம் ஒன்றல்ல. ராயகடா, கஜபதி மாவட்டங்களின் மலைகளில் வாழும் லாஞ்ஜியா சௌரா மக்களின் இடிதால் என்னும் சுவரோவியம் அது. அவர்கள் பேசும் சோரா மொழி முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது, ஒடியாவுக்கு உறவில்லை. செம்மண் பூசிய உட்சுவரில், நுனியை நசுக்கிய குச்சியால், அரிசிமாவைக் கொண்டு வரைகிறார்கள் என்பதில் மட்டும் பொருள் ஒத்துப்போகிறது. நோக்கம் வேறு. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தாலோ விளைச்சல் கெட்டாலோ, அது எந்த ஆவியின் கோபம் என்று குறிசொல்லும் பூசாரி கண்டறிந்து சொல்வார். அந்த ஆவி வந்து தங்குவதற்கான வீடாகச் சுவரில் படம் எழுதப்படுகிறது. முதலில் சட்டம்போல நாற்புறக் கோட்டை இழுத்து, பிறகு உள்ளே மனிதர், குதிரை, யானை, மரம், சூரியன், சந்திரன் என்று நிரப்பிக்கொண்டே போவார்கள். அந்தச் சட்டமே வீட்டின் சுவர்.

இந்த ஓவியங்களை 1940களில் மலைக்கிராமங்களுக்குச் சென்று பதிவு செய்த மானிடவியலாளர் வெரியர் எல்வின், படம் முடிந்ததும் பூசாரி ஆவியை அழைத்து வந்து பார்க்கச் சொல்வதையும், அது குறை சொன்னால் விடுபட்ட உருவைச் சேர்ப்பதையும் விவரித்திருக்கிறார். ஆவியின் விருப்பம் காலத்தோடு மாறியதால் சைக்கிளும் விமானமும்கூட அந்தச் சட்டத்துக்குள் ஏறின. ஆக, சமவெளியின் ஜோட்டி தெய்வம் வரும் பாதை. மலையின் இடிதால் ஆவி தங்கும் இடம். இரண்டையும் ‘ஒடிசா நாட்டார் கலை’ என்ற ஒரே தலைப்பில் அச்சடித்து விற்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. லாஞ்ஜியா சௌரா ஓவியத்துக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையிலும் கோப்பையிலும் புவனேஸ்வரத்தின் பொதுச் சுவர்களிலும் அந்த உருவங்கள் நிற்கின்றன. ஜோட்டிக்கு அப்படி ஒரு சந்தை உருவாகவில்லை. எடுத்துச்சென்று விற்கக்கூடிய பொருளாக அது இல்லை என்பதே முதன்மையான காரணம் என்று தோன்றுகிறது. தரையைச் சுருட்டிக் கடையில் வைக்க முடியாதே.

மாறியது தரைதான். 1999 அக்டோபர் 29 அன்று அடித்த பெரும்புயலிலும், 2019 மே 3 அன்று பூரியில் கரைகடந்த ஃபானியிலும் மண்வீடுகள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்களிடம் போய் மண்சுவரின் அழகைப் பேசுவது நியாயமாக இருக்காது. காங்கிரீட் வீடு அவர்களுக்கு உயிர்க்காப்பு. ஆனால் சாணம் மெழுகிய தரை மாவுநீரை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டதுபோல வழவழப்பான டைல்ஸ் பிடித்துக்கொள்வதில்லை; காய்ந்ததும் பொருக்காக உரிந்து காலில் ஒட்டுகிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதிர் தெரிவதும் இல்லை. எனவே சிலர் சிமென்ட் தரையில் காவி நிறத்தைச் சதுரமாகப் பூசி அதன்மேல் போடுகிறார்கள். சிலர் சுவரைக் கைவிட்டுத் தரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நெற்குதிர் இல்லாத அடுக்குமாடி வீட்டில் பாதங்கள் பூசை அலமாரி வரைக்கும் மட்டுமே போகின்றன.

கடைகளில் லட்சுமி பாதம் ஸ்டிக்கராகவும் கிடைக்கிறது. ஒருமுறை ஒட்டிவிட்டால் ஆண்டு முழுக்க இருக்கும், எறும்பு தொடாது, துடைப்பத்துக்கும் அசையாது. மாவில் போட்ட பாதத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. மார்கசிரத்தில் வியாழக்கிழமைகள் நான்கோ ஐந்தோ வரும். ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள், சென்ற வாரத்துப் பாதங்களில் மிச்சமிருப்பதைக் கழுவிவிட்டு, அரிசியை மறுபடியும் ஊறப்போட வேண்டும்.